உஷார்! கூகுளில் முதலில் வரும் நம்பருக்கு போன் போடாதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் "பிஎஃப் ஆபீஸ் அம்பத்தூர் போன் நம்பர்" என்று போனில் தட்டுகிறவரா நீங்கள்? முதலில் கண்ணில் படும் நம்பரை அப்படியே அழுத்திவிடாதீர்கள். பத்து வருஷச் சேமிப்பு அந்த ஒரு போன் காலில் போய்விடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இப்படி நடந்திருக்கிறது.

2018-ல் மகாராஷ்டிராவின் தாணேயில், பாங்க் ஆஃப் இந்தியாவுக்கான கூகுள் மேப்ஸ் பதிவில் இருந்த நம்பரை எடுத்துவிட்டுத் தங்கள் நம்பரைப் போட்டது ஒரு மோசடிக் கும்பல். இதற்காக அவர்கள் எதையும் உடைத்து உள்ளே நுழையவில்லை. தகவலைத் திருத்த யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம் என்ற வசதியையே பயன்படுத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு மும்பை பிஎஃப் அலுவலகத்தின் நம்பருக்கும் இதே கதி. வங்கியின் நம்பர் என்று நினைத்து போன் போட்டவர்கள், வங்கியோடு பேசுகிறோம் என்று நம்பித்தான் கார்டு விவரங்களைச் சொன்னார்கள்.

இது எப்படிச் சாத்தியம் என்று புரிய, தேடுபொறியின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். நீங்கள் தட்டும் நொடியில் அது இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. ஏற்கெனவே கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போலக் குறித்து வைத்திருக்கிறது. எதை முதலில் காட்டுவது என்பதில்தான் சிக்கல். எல்லாப் பக்கத்திலும் கிடக்கும் சொல்லைவிட அரிதாக வரும் சொல்லுக்கு அதிக எடை கொடுக்க வேண்டும் என்று 1972-ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். இன்றுவரை தேடல் ஆய்வின் அடிப்படைகளில் ஒன்று அது. "கஸ்டமர் கேர்" எங்கும் இருக்கும். "அம்பத்தூர்" சில பக்கங்களில்தான் இருக்கும். ஆகவே அம்பத்தூர் என்று எழுதிய பக்கம் மேலே ஏறும். எழுதியவன் யோக்கியனா என்பதை அந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

நம்பகத்தன்மையை அளக்க ஒரு வழியாகத்தான் கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் ஒரு கட்டுரையில் பேஜ்ரேங்க் முறையை விளக்கினார்கள். மற்ற பக்கங்கள் தரும் இணைப்புகளை ஓட்டுகளாக எண்ணும் முறை அது. பெரிய விஷயங்களுக்கு நன்றாக வேலை செய்யும். "ஆவடி வாஷிங் மெஷின் சர்வீஸ்" என்று தேடினால்? போட்டியில் நிற்பதே நாலைந்து பக்கங்கள், ஓட்டு யாருக்கும் இல்லை. ஆள் இல்லாத அந்த மைதானத்தில்தான் திருடன் ஜெயிக்கிறான். பூந்தமல்லி, பூவிருந்தவல்லி என்று நம் ஊருக்கு எத்தனை பெயர், எத்தனை எழுத்துக்கூட்டல்! ஒவ்வொன்றுக்கும் ஒரு போலிப் பக்கம் போட்டு வைக்க ஒருவனுக்கு அரை நாள் போதும்.

விளம்பரம் இன்னொரு வாசல். பட்டியலின் உச்சியில் "ஸ்பான்சர்டு" என்று பொடி எழுத்தில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய இடம். விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று அந்த 1998 கட்டுரையிலேயே பேஜும் பிரின்னும் எழுதியிருந்தார்கள். இப்போது மேலே வரும் ஏஐ சுருக்கத்தையும் நம்பி போன் போட வேண்டாம். போலிப் பக்கத்தில் இருக்கும் நம்பரை அதுவும் எடுத்துக் கொடுத்துவிடும்.

போலி நம்பருக்கு அடித்தால் எதிர்முனையில் இருப்பவன் தமிழில்தான் பேசுவான், மரியாதையாகப் பேசுவான். ஒரு ஆப் இறக்கச் சொல்வான். எனிடெஸ்க் போன்ற ஆப் வழியாக உங்கள் போனையே அவனால் இயக்க முடியும் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பணம் திரும்ப வர யுபிஐ பின் போடுங்கள் என்பான். பணம் வாங்க பின் தேவையே இல்லை. அந்த வார்த்தை காதில் விழுந்த உடனே போனை வையுங்கள்.

வங்கி நம்பர் உங்கள் கார்டின் பின்புறத்திலும் பாஸ்புக்கிலும் இருக்கிறது. மெஷின் கம்பெனி நம்பர் வாரண்டி கார்டில் இருக்கிறது. பிஎஃப் உதவிக்கு 14470, மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. வங்கியின் இணையதளத்துக்குப் போனால் முகவரி "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிகிறதா பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. பிஎஃப் என்றால் நேரில் போவதுதான் இன்னும் நல்லது, அம்பத்தூருக்கென்றே மண்டல அலுவலகம் இருக்கிறது.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பின் நம்பரையும் ஓடிபியையும் நீங்களே சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று 2017-ல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் ஆவடி கமிஷனரகத்தின் சைபர் பிரிவுக்கும் போகலாம். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று கூகுளில் வருகிறவனிடம் மட்டும் போகாதீர்கள். அவன் இரண்டாவது திருடன்.

வீட்டில் அப்பா, அம்மா போனில் 1930-ஐ இன்றைக்கே சேவ் பண்ணிக் கொடுங்கள்.