பெருங்கணனியிற் பெயரும் இல்லமும்

ஆங்கில எழுத்துக்களுக்குப் பேரெழுத்து, சிற்றெழுத்து என இரு வடிவங்கள் உள. ஒலி ஒன்றே, உருவு மாத்திரம் வேறு. குறில் நெடில்களை ஒலியாற் பிரித்தறிந்து பழகிய நமக்கு இஃது ஒரு வீண் ஆடம்பரமாகவே தோன்றும். எனினும், வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் உழைக்கும் ஐ.பி.எம். பெருங்கணனிகளிற் பணியாற்றச் செல்லும் நம் மாணவர் இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்பாராயின், தம் கோப்புக்களையே காணாது திகைக்க நேரிடும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் தொடக்கிய யுனிக்ஸ் முறையிற் பெயர் என்பது எழுத்துக்களுக்குரிய எண்களின் வரிசையேயாம். எண் வேறாயின் பெயரும் வேறு. ஆஸ்கி அட்டவணையிற் பேரெழுத்து 'ஏ' 65. சிற்றெழுத்து 'ஏ' 97. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ள யுனிக்ஸ் முயல்வதில்லை. ஆயினும் ஒரு விதிவிலக்கு இருந்தது. பேரெழுத்து மாத்திரமே கொண்ட தொலையச்சுப் பொறிகள் அக்காலத்தில் வழங்கின. ஆதலின் ஒருவர் தம் பெயரை முற்றும் பேரெழுத்தில் இட்டால், அவரது பொறியிற் சிற்றெழுத்து இல்லையென ஊகித்து, அவர் தட்டுவன யாவற்றையும் பழைய யுனிக்ஸ் சிற்றெழுத்தாக மாற்றிக்கொண்டது. இவ்விரக்கம், பேரெழுத்துப் பூட்டைத் தவறி அழுத்தியவர்களைப் பின்னாளிற் பெரிதுங் குழப்பிற்று.

பெருங்கணனியின் மரபோ வேறு. அதன் காவலனாகிய ராக்ஃப், எட்டு எழுத்துக்களுக்கு மேற்படாத பயனர் பெயரைப் பேரெழுத்திலேயே பதிந்து வைக்கும். சிற்றெழுத்தில் இட்டாலும் பேரெழுத்தாகவே கொள்ளும். 1990களில் இம்மரபின்மேல் யுனிக்ஸ் சேவைகளும் அமர்த்தப்பட்டன. அன்று தொட்டு ஒரே பயனரின் பதிவில் இரு நீதிகள் நிலவுகின்றன: பெயருக்கு எழுத்துப் பேதமில்லை, அவர் கோப்புக்கள் வாழும் இல்ல அடைவின் பாதைக்கோ பேதமுண்டு. நிருவாகி அடைவைச் சிற்றெழுத்தில் அமைத்துவிட்டு, பதிவிற் பேரெழுத்தில் எழுதிவிட்டால், பெயரும் கடவுச்சொல்லும் சரியாயிருந்தும் யுனிக்ஸ் அமர்வு தொடங்க மறுக்கும். பிழை நிருவாகியுடையது, வாசலில் நிற்பவரோ பயனர்.

இதற்கு ஐ.பி.எம். வழி வகுத்திருக்கின்றது. இல்ல அடைவுகளை வேண்டும்போது தானே இணைக்கும் ஏற்பாடு, சிற்றெழுத்துப் பெயர்களுக்கு மாத்திரமே இணங்குமாறு பணிக்கப்படலாம். அடைவின் பின்னுள்ள தரவுத்தொகுதிக்குப் பேரெழுத்துப் பெயரே வேண்டியிருப்பதால், அம்மாற்றத்தையும் அதுவே செய்துகொள்ளும். கலப்பெழுத்துப் பெயரை விரும்புவோர்க்கு மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்றும் உண்டு. ஆனால் அது வேகத்தைச் சற்றுக் குறைக்கும். அடைவையும் பதிவிலுள்ள பாதையையும் முற்றுஞ் சிற்றெழுத்திலேயே எழுதி, பயனரைச் சேர்க்கும் நாளிலேயே ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுவதே நாம் விரும்பும் முறை.