21-க்கு உங்களுக்கு எத்தனை?

தலைக்கு மேலே ரெண்டு கையாலும் ஒரு கழியைத் தூக்கிப் பிடியுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பாமல், தோப்புக்கரணம் மாதிரி முழுசாக உட்காருங்கள். முடிகிறதா? மூணு மார்க்! குதிகாலுக்கு அடியில் பலகை வைத்தால்தான் முடிகிறதா? ரெண்டு. அப்பவும் சரியாக வரலையா? ஒண்ணு. 'ஐயோ, வலிக்குதே!' என்றால் முட்டை!

ஸ்கூல் தண்டனை இல்லை ஸார் இது. 'ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்க்ரீன்' என்று பெயர். அமெரிக்காவில் கிரே குக், லீ பர்ட்டன் என்ற இருவர் விளையாட்டு வீரர்களுக்காக உருவாக்கிய பரீட்சை. உட்காருவது, தாண்டுவது, காலைத் தூக்குவது என்று மொத்தம் 7 அயிட்டம். ஃபுல் மார்க் 21.

2007-ல் இதற்குத் திடீர் மவுசு. அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்கள் 46 பேரை ஒரு சீஸன் கவனித்தார்கள். 14-ம் அதற்குக் கீழேயும் வாங்கினவர்களுக்குத்தான் பெரிய காயங்கள் அதிகம் என்று தெரிந்தது. அவ்வளவுதான்... 14 என்பது லட்சுமணன் கிழித்த கோடாகிவிட்டது!

சரி, மார்க்கை நம்பலாமா? பயிற்சி பெற்ற ரெண்டு பேர் ஒரே ஆளைச் சோதித்தால், மொத்த மார்க் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அதில் குறையில்லை. ஆனால், ஒரே ஜாதகத்துக்கு ரெண்டு ஜோசியர் ஒரே பலன் சொல்லிவிட்டால் அது பலித்துவிடுமா என்ன?

2015-ல் வெளியான ஓர் ஆய்வு படு தமாஷ். தீயணைப்பு வீரர்கள் 21 பேருக்குப் பரீட்சை வைத்தார்கள். சராசரி 14.1. பிறகு, எப்படிச் செய்தால் எவ்வளவு மார்க் என்ற ரகசியத்தைச் சொல்லி, மறுபடி செய்யச் சொன்னார்கள். சராசரி 16.7! உடம்பு மாறவில்லை; கேள்வித்தாள்தான் அவுட்!

2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்களும் கையை விரித்துவிட்டார்கள். காயத்தை முன்கூட்டியே சொல்லும் கருவியாக இதை வைத்துக்கொள்ள ஆதாரம் போதாதாம். காயம் பட்டவர்கள், படாதவர்கள் ரெண்டு கோஷ்டி மார்க்கும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கிறது.

அப்படியென்றால் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். எங்கே வலிக்கிறது, எங்கே மடங்க மறுக்கிறது என்று கோச் தெரிந்துகொள்ள உதவும். ஆனால், 13 வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒரு பையனை 'நீ லாயக்கில்லே' என்று டீமிலிருந்து கழற்றிவிட்டால், அது அநியாயம்!

நாளைக்கு உங்கள் ஜிம்மில் யாராவது கழியை நீட்டினால், தைரியமாக வாங்குங்கள். வலித்தால் டாக்டரைப் பாருங்கள். மார்க் குறைந்தால்... நாள் பூரா சீட்டில் இருக்கிற நமக்கு, உட்கார்ந்து எழுந்ததே லாபம்!