ஒரே மொழியா? அப்போ நீ என் தங்கச்சி!

மனசுக்குப் பிடிச்ச பொண்ணுகிட்ட போய், ''நீயும் நானும் ஒரே மொழி பேசறோம்...''னு பிட்டைப் போடறீங்க. அவ்வளவுதான், கதை க்ளோஸ்! ஏன்னா, அந்த ஊர்ல அதுக்கு அர்த்தம், 'நாம ரெண்டு பேரும் அண்ணன் - தங்கச்சி!'

ரீல் இல்லீங்க, ரியல். இடம், பிரேசிலும் கொலம்பியாவும் தொட்டுக்கொள்கிற அமேசான் காடு. அங்கே வௌபேஸ்னு ஒரு ஆறு. அதில் வந்து கலக்கிற பப்பூரி, டிக்கியே ஆறுகளின் கரையில் வாழ்கிறவர்கள் டெசானோ மக்கள். தங்களை அவங்க சொல்லிக்கிற பேர், 'உமுகோமசா'. அதாவது, பிரபஞ்சத்தின் மக்கள்.

பேர்தான் பெருசு. ஆள் எண்ணிக்கை சில ஆயிரம். அதிலும் டெசானோ மொழியைச் சரளமாகப் பேசறவங்க ஒரு சின்னப் பகுதிதான். 'போர்ச்சுகீஸ் வந்து முழுங்கியிருக்கும்'னுதானே நினைக்கறீங்க? அங்கதான் ட்விஸ்ட்!

மாமா பொண்ணு ஓகே!

அந்த வட்டாரத்தில் ஒரு டஜனுக்கும் மேலே மொழிகள். பெரும்பாலான இனங்களில் ரூல் ஒண்ணுதான். அப்பாவோட மொழி எதுவோ, அதுதான் பிள்ளையோட மொழி. ஒரே மொழிக்காரங்க பங்காளிங்க. அதனால, வேற மொழி பேசற வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைங்க கூடப்பிறந்தவங்க மாதிரி. மாமா பொண்ணு, அத்தைப் பொண்ணுன்னா டபுள் ஓகே!

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? இந்த மாதிரி உறவுமுறைக்கு மானுடவியல் ஆட்கள் வெச்சிருக்கிற பேரே 'திராவிட உறவுமுறை'தான். அவங்க நமக்கு தூரத்துச் சொந்தம்னு அர்த்தம் இல்லை. கணக்குப் போடற விதம் ஒண்ணு, அவ்வளவே.

அண்ணன் - தம்பிங்க எல்லாரும் பெண்டாட்டி, பிள்ளைகளோட ஒரே கூரைக்குக் கீழே இருப்பாங்க. அந்தப் பெரிய கூட்டு வீட்டுக்குப் பேர் 'மலோக்கா'. மருமகள்கள் ஆளுக்கொரு மொழியோட வருவாங்க. குழந்தை அப்பா மொழியைப் பேசும், அம்மா மொழியும் புரியும், சித்தி மொழியும் காதில் விழும். மூணு, நாலு மொழி பேசறது அங்கே சர்வசாதாரணம். 1967-ல் ஆர்தர் சோரன்சன் என்கிற ஆய்வாளர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆள் குறைவா இருந்தாலும் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வீடு இருந்தது. நம்ம இன்ஜினீயரிங் பாஷையில், ஆளுக்கொரு தனி சர்வர்!

சர்வரையே பிடுங்கிட்டா?

அதுதான் நடந்தது. பிரேசில் பக்கம் சலேசிய கத்தோலிக்க மிஷனரிகள் வந்தாங்க. வௌபேஸ் கரையில் இயாவரெட்டே ஊரில் 1929, டிக்கியே கரையில் பரி-கஷொயெய்ராவில் 1940-ன்னு மிஷன்கள் முளைச்சது. அவங்க கொடுத்த நெருக்கடியில் மலோக்காக்கள் ஒவ்வொண்ணா மறைஞ்சது. பிள்ளைகளைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் சேர்த்தாங்க. சொந்த மொழி பேசத் தடை, போர்ச்சுகீஸ்தான் பேசணும்.

ஆனா, பத்து மொழிப் பிள்ளைங்க ஒரே ஹாஸ்டலில் இருந்தா, தங்களுக்குள்ள எந்த மொழியில் பேசிப்பாங்க? மெஜாரிட்டி மொழியில்தானே! அப்படி மேலே வந்தது, டெசானோவுக்கு அக்கா முறை ஆகிற டுகானோ மொழி.

இப்போ கணக்கைப் பாருங்க. டெசானோ ஆண்கள் நிறைய பேர் பொண்ணு எடுக்கறதே டுகானோ வீடுகளில்தான். அம்மா டுகானோ. அப்பாவும் டுகானோவுக்கு மாறிட்டா, குழந்தை காதில் டெசானோ எங்கேர்ந்து விழும்? 'நீ யாரு?'ன்னு கேட்டா, அது 'டெசானோ'ன்னுதான் சொல்லும். கல்யாண ரூலும் அப்படியே இருக்கும். ஆனா, டெசானோவில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது!

என்னதான் நஷ்டம்?

'அதான் டுகானோ இருக்கே, அதுவும் காட்டு மொழிதானே?'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. இலக்கணத்தில் ரெண்டுக்கும் நிறைய ஒற்றுமை. 'படகு போயிடுச்சு'ன்னு சொன்னா, அதை நீ கண்ணால பார்த்தியா, சத்தம் கேட்டியா, தடயத்தை வெச்சு ஊகிச்சியா, யாராவது சொன்னாங்களான்னு வினைச்சொல்லே காட்டிக் கொடுத்துடும். நாம 'போயிடுச்சாம்'னு இழுக்கிறோமே, அதோட விரிவான வெர்ஷன். இந்த வித்தை டுகானோவிலும் இருக்கு.

ஆனா, மொழிதான் வம்சம்னு வாழற சமூகம் அது. மொழி போறது, நம்ம பேருக்கு முன்னாடி இருக்கிற இனிஷியல் போற மாதிரி. கூடவே கதைகளும் போகும். ஃபிர்மியானோ லானா என்கிற டெசானோ பெரியவர் உலகம் உருவான கதைகளைத் தன் மொழியில் சொல்லச் சொல்ல, மகன் லூயிஸ் லானா எழுதி, போர்ச்சுகீஸில் மொழிபெயர்த்தார். 1980-ல் அது புத்தகமாக வந்தது. சொல்ல அப்பா, கேட்டுப் புரிஞ்சுக்க மகன். ரெண்டு பேருக்கும் டெசானோ தெரிஞ்சதாலதான் அது நடந்தது!

சட்டம் என்ன பண்ணுது? பிரேசிலின் சாவோ காப்ரியேல் டா கஷொயெய்ரா நகராட்சி 2002-ல் டுகானோ, பனிவா, நியேங்காட்டு மூணையும் ஆட்சிமொழி ஆக்கியது. அந்த நாட்டிலேயே இப்படிச் செய்த முதல் நகராட்சி. செம மேட்டர்தான்... ஆனா, அந்தச் சட்டத்தில் டெசானோ இல்லை. அதுக்காக டுகானோவை வில்லன் ஆக்கிடாதீங்க. போர்ச்சுகீஸ் முன்னால அதுக்கும் இதே நெருக்கடிதான். கொலம்பியாவில் 2010-ல் பூர்வகுடி மொழிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. 2012-ல் வில்சன் டி லிமா சில்வா என்கிற மொழியியலாளர், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டெசானோவுக்கு முழு இலக்கணமே எழுதி முடித்தார்.

2022 முதல் 2032 வரை பூர்வகுடி மொழிகளுக்கான பத்தாண்டுன்னு ஐ.நா. அறிவிச்சிருக்கு. நல்ல விஷயம். புத்தகம், சட்டம், பத்தாண்டு... எல்லாம் வேணும்தான் பாஸ். ஆனா, பப்பூரி கரையில் ஒரு அப்பா தன் பிள்ளையை எந்த மொழியில் சாப்பிடக் கூப்பிடறார் என்பதில்தான் டெசானோவோட உயிர் இருக்கு!