பவுடருக்கு முன்னால் இரண்டு விரல்

நன்னிலத்தில் காலை எட்டரை மணிக்குக் கும்பகோணம் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் பவுடர், மை, பொட்டு என்று கச்சிதமாகத்தான் கிளம்பியிருப்பார்கள். சன்ஸ்கிரீன் மட்டும் 'கோடைக்குத்தானே' என்று அலமாரியில் கிடக்கும்.

வெயிலில் இரண்டு கதிர்கள் நம்மைத் தொடுகின்றன. யுவி-பி தோலைச் சுடும். கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யுவி-ஏ சுடாது, ஆனால் பஸ் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாலும் உள்ளே வந்துவிடும். கறுப்பதும் சுருக்கம் விழுவதும் பெரும்பாலும் அதன் வேலை. டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் முதலாவதற்கு, பிஏ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் இரண்டாவதற்கு. எஸ்பிஎஃப் 30 யுவி-பியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, வாங்கியதை ஒழுங்காகப் பூசுவது மேல்.

எவ்வளவு? ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு இழுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். 50 கிராம் டியூப் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் தீர வேண்டும். ஆறு மாதம் வருகிறதென்றால் சிக்கனம் இல்லை, பூசவே இல்லை என்று அர்த்தம். பவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே என்பார்கள். அதை இந்தக் கனத்துக்குப் பூசினால் தெருக்கூத்துக்குத்தான் போகலாம்!

முகம் கழுவி, ஈரப்பசை கிரீம் போடுபவர்கள் போட்டு, அதன்மேல் சன்ஸ்கிரீன். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அதற்குள் டிபன் பாக்ஸ் கட்டிவிடலாம். பிறகு பவுண்டேஷனோ பவுடரோ. ஆனால் தேய்க்காமல் ஒற்ற வேண்டும்; தேய்த்தால் அடியில் இருப்பது திட்டுத்திட்டாக விலகும். மதியம் வெளியே போகவேண்டியிருந்தால், முகம் கழுவி மறுபடி பூசுவதைத் தவிர நல்ல வழி இல்லை.

சன்ஸ்கிரீன் வெளுக்கிற கிரீம் அல்ல. 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கூட 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் நிறத்துக்கு உண்மையான தொல்லை கன்னத்தில் படரும் மங்கு. அதைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கூட்டும். மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்கலாம். வெள்ளைப் பூச்சும் தெரியாது.

பஸ் ஊரைத் தாண்டியதும் வயலில் நடவு நடக்கும். புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அந்தச் சட்டைக்கு மறுபூச்சு வேண்டாம்.