மலைக்கு அந்தப் பக்கத்து மகன்

மலையும் மனிதரும் – 17

ரத்தோட்டையில் பஸ் ஏறினால் கைகாவலையைத் தாண்டும்போதே காது அடைக்கத் தொடங்கும். ரிவர்ஸ்டன் திருப்பத்தில் இறங்கி, தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குப் போகும் பாதையில் நடந்தால், காற்று ஆளைத் தள்ளும். சென்ற வாரம் இந்த உச்சியில் நின்று மேற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். இந்த வாரம் மறுபக்கம் திரும்பி நிற்போம்.

அங்கே தெரிவது தும்பற மலைத்தொடர். மடக்கிய கைவிரல்களின் முட்டிபோல் தெரிந்ததால் வெள்ளைக்காரர் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த முகடுகளுக்குப் பின்னால், தென்கிழக்கே மலை இறங்கி முடிகிற இடத்தில், கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியின் பதினெட்டு வளைவுகளையும் கடந்த பிறகு, ஹசலக்க என்ற சிறிய ஊர் இருக்கிறது. நெல் விளையும் ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவனைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். பெயர் காமினி குலரத்ன. சிங்கள மக்கள் அவரை ‘ஹசலக்க காமினி’ என்கிறார்கள். ஆளின் பெயருக்கு முன்னால் ஊரை வைத்துச் சொல்வது நமக்கும் பழக்கமான வழக்கம்தான். ஒருவன் நல்லது செய்தால் அந்தப் பேர் அவனைப் பெற்ற ஊருக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது.

1966இல் பிறந்தவர். இலங்கை இராணுவத்தின் சிங்கப் படைப்பிரிவில், ஆறாவது பட்டாலியனில் சாதாரணச் சிப்பாய்களில் ஒருவர். 1991ஆம் ஆண்டு ஜூலையில் அவர் நின்ற இடம் ஆனையிறவு.

ஆனையிறவை நம்மில் பலர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்தோடு சேர்க்கும் ஒடுங்கிய நிலம் அது. இரண்டு பக்கமும் பரவைக்கடல், நடுவே உப்பளம். ஒதுங்க ஒரு மரம் இல்லாத வெட்டவெளி. அங்கிருந்த முகாமை அந்த ஜூலை 10ஆம் திகதி விடுதலைப் புலிகள் சுற்றி வளைத்தார்கள். ‘ஆகாய கடல் வெளிச் சமர்’ என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். முகாமுக்குள் இருந்தவர்களுக்குத் தரைவழி இல்லை. உதவி கடல்வழியாகத்தான் வர வேண்டும். வெற்றிலைக்கேணியில் இறங்கிய படை ஆனையிறவை வந்து சேர ஆகஸ்ட் பிறந்துவிட்டது.

வெட்டவெளியில் முன்னேறுகிறவன் சூடு வாங்குவான். புலிகளும் அதை அறிந்திருந்தார்கள். அதனால் மண் தள்ளும் புல்டோசர் ஒன்றுக்குச் சுற்றிவரத் தடித்த இரும்புத் தகடு போர்த்தி, அதைக் கவச வண்டியாக்கிக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சன்னம் அதில் பட்டுத் தெறித்தது. அது காவலரணை உடைத்து உள்ளே வந்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறந்துவிடும், முகாமும் போய்விடும்.

ஜூலை 14. அந்த வண்டி காவலரணை நெருங்கிக்கொண்டிருந்தது. காமினி இரண்டு கைக்குண்டுகளை எடுத்துக்கொண்டு பதுங்குகுழியை விட்டு வெளியே ஓடினார். சூடு பட்டது. ஓட்டம் நிற்கவில்லை. வண்டியில் ஏறுவதற்கு வைத்திருந்த இரும்பு ஏணியைப் பிடித்து மேலே ஏறி, குண்டுகளை உள்ளே போட்டார். வண்டி நின்றது. உள்ளே இருந்தவர்களும் இறந்தார்கள், அவரும் இறந்தார். வயது 24.

இலங்கை முப்படையினருக்குப் போர்க்களத் தீரத்துக்காக வழங்கப்படும் அதியுயர் விருது பரம வீர விபூஷண. அதைப் பெற்ற முதல் ஆள் இந்த ஹசலக்கப் பையன். இறந்த பிறகுதான் அவருக்குக் கோப்ரல் பதவி உயர்வும் வந்தது.

அதே படைப்பிரிவைச் சேர்ந்த இன்னொருவரையும் இந்தக் கோபுரத்தடியில் நின்று நினைக்காமல் போக முடியாது. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கு வடக்கே கொக்காவிலில் ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. அதைக் காத்து நின்ற சிறிய முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர் கண்டிப் பகுதியைச் சேர்ந்த சாலிய அலதெனிய. 1990 ஜூலையில் முகாம் சுற்றி வளைக்கப்பட்டு, உணவும் தண்ணீரும் வெடிமருந்தும் தீர்ந்தபோது, காயப்பட்டுக் கிடந்தவர்களை விட்டுப் போக மறுத்து அங்கேயே மடிந்தார். அவருக்கும் அதே விருது கிடைத்தது. கொக்காவிலில் புதிய கோபுரம் 2011இல் எழுந்தது. கோபுரங்களை நாம் எளிதாகத் திரும்பக் கட்டிவிடுகிறோம்.

இனி, எழுதச் சிரமமான பகுதிக்கு வருகிறேன்.

அந்த இரும்பு வண்டிக்குள் இருந்தவர்கள் பேசிய மொழி என்னுடைய மொழி. அவர்களையும் யாரோ பெற்று, பெயர் வைத்து, காய்ச்சல் வந்தால் நெற்றியில் பத்துப் போட்டு வளர்த்தார்கள். அந்தச் சமரில் மட்டும் புலிகள் தரப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டுக்கு வீடு பிள்ளையைக் கொடுத்த ஊர்கள் வடக்கில் இருக்கின்றன. அந்த ஊர்த் தாய் ஒருத்தி இந்தப் பக்கத்தை வாசிக்கக்கூடும். “என் பிள்ளையைக் கொன்றவனுக்கா கட்டுரை எழுதுகிறாய்?” என்று அவள் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவளுக்கு முழுதாக உண்டு.

அம்மா, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தமிழனின் நடுகல் மரபில் தரப்பு பார்க்கும் வழக்கம் இல்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் மடிந்தவனுக்குக் கல் இருக்கிறது. ஆநிரை கவரப் போய் மடிந்தவனுக்கும் கல் இருக்கிறது. ஆநிரை கவர்வதற்கு வெட்சித் திணை, மீட்பதற்குக் கரந்தைத் துறை என்று இலக்கணம் வகுத்தவர்கள், செத்தவனுக்குக் கல் எடுக்கும் முறையையும் படிப்படியாகச் சொல்லி வைத்தார்கள். எதற்காகப் போரிட்டான் என்று வழக்காடுவது ஒரு வேலை, அவன் நின்ற நிலையை மதிப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் எனக்கும் அந்த இராணுவத்தோடு தீராத வழக்கு இருக்கிறது. அந்தச் சீருடை என் மக்களுக்குச் செய்தவற்றை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. ஆனாலும் பக்கத்தில் நிற்கிறவன் சாகாமல் இருக்க, தான் சாகலாம் என்று ஓடிய ஒரு 24 வயதுப் பிள்ளைக்கு என் மொழியில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

நாம் நிற்கும் இந்த மாத்தளை மண்ணுக்கு இந்தப் பாடம் புதிதில்லை. 1848இல் நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, வண்டிக்கு வரி, ஆறு நாள் வீதி வேலை என்று ஆங்கில அரசு சுமத்தியபோது இந்த ஊரில் கலகம் வெடித்தது. அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவை அந்த ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டி போகம்பரையில் சுட்டுக் கொன்றார்கள். தேசாதிபதி டொரிங்டனின் கணக்கில் அவர் துரோகி. இன்று அவர் வீர புரன் அப்பு. மாத்தளையில் நினைவுச் சின்னம் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலக் கோட்டையின் வாசல் இப்போது ஒரு மயானத்தின் வாசலாக இருக்கிறது. யார் துரோகி, யார் வீரன் என்ற பட்டியலைக் காலம் திருத்தி எழுதுவதை இந்த நகரம் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறது.

இன்னொன்றையும் பார்த்தது. 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 150 பேருக்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. எந்தக் காலத்து எலும்புகள் என்பதில் நிபுணர்கள் முரண்பட்டார்கள். ஆனால் 1980களின் இறுதியில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளையைத் தொலைத்த சிங்களத் தாய்மார், அது தங்கள் பிள்ளையாக இருக்குமோ என்ற பயத்தோடும் ஆசையோடும் அந்தச் செய்தியைக் கேட்டார்கள். பிள்ளையின் எலும்பாவது கிடைக்காதா என்று ஏங்கும் தாய்க்கு இனம் ஏது?

ஹசலக்கத் தாய்க்கு ஒன்றாவது மிஞ்சியது. மகன் நின்ற இடம் தெரியும். அவன் மடக்கிய புல்டோசரை ஆனையிறவில், ஏ9 வீதியோரத்தில் அப்படியே நிறுத்தி நினைவிடம் ஆக்கியிருக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் அங்கே நிற்கின்றன, சனங்கள் பூ வைக்கிறார்கள், பிள்ளைகள் அந்த ஏணியைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அது அவளுக்குச் சேர வேண்டிய மரியாதை. அதில் ஒரு பூவைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வண்டிக்குள் இருந்தவர்களின் தாய்மாருக்கு என்ன மிஞ்சியது? வடக்கிலும் கிழக்கிலும் இருந்த, புலிகளின் கல்லறைகள் உள்ள துயிலுமில்லங்களைப் போர் முடிந்த கையோடு இடித்தார்கள். கல்லறைகள் உடைந்தன, சில இடங்களில் அவற்றின் மேலேயே இராணுவ முகாம் எழுந்தது. பல ஆண்டுகள், மாவீரர் நாளான நவம்பர் 27 மாலையில் அந்தத் தாய்மார் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கேற்றினார்கள். கோயில் மணி அடித்தால்கூட விசாரணை வந்தது. அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2011இல் தன் அறிக்கையில், போரில் பாதிக்கப்பட்ட எல்லோரையும் நினைவுகூர்ந்து ஆறுதல் சொல்லும் நிகழ்வொன்றைச் சுதந்திர தினத்தில் நடத்தும்படி பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை தாளில் கிடக்கிறது.

காமினியின் தீரத்தை உண்மையாக மதிக்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். எதிரே வந்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து வந்தார்கள் என்பதால்தான் அவர் செய்தது இத்தனை பெரிதாகிறது. எதிர்நின்றவனின் கல்லறையை உடைத்துவிட்டால் அவர் ஏறிய அந்த ஏணியின் உயரமும் குறைந்துபோகும்.

உச்சியில் மூட்டம் இறங்கிவிட்டது. ஹசலக்கப் பக்கம் இனித் தெரியாது, திரும்பி நடக்க வேண்டியதுதான். நீங்கள் அடுத்த முறை ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போகும்போது ஆனையிறவில் இறங்குங்கள். அந்தத் துருப்பிடித்த வண்டியின் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். ஏணியில் ஏறியவனையும் நினையுங்கள், உள்ளே இருந்தவர்களையும் நினையுங்கள். கூட வருகிற பிள்ளை கேட்டால் இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.