தந்திரம் பயின்றால் கருவறை திறக்குமா?

நமது சிறப்பு நிருபர்

பாலராமபுரம்: 'தந்திரப் பயிற்சி' என்னும் விளம்பரம் மேலைநாடுகளில் பெரும்பாலும் ஆண்-பெண் நெருக்கத்துக்கான பயிற்சியையே குறிக்கிறது. கட்டணம் செலுத்திச் சில நாள்களோ, சில மாதங்களோ பயின்றவருக்கு, தொடுகையின் வழியே 'புனித நெருக்கம்' கற்பிக்கும் பயிற்சியாளர் என்ற சான்றிதழை அந்தந்த நிறுவனமே வழங்கிவிடுகிறது.

கேரளத்தின் தென் எல்லையில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. இங்கு தந்திரம் என்பது கோயில் வழிபாட்டுக்கான சாஸ்திரம். அதைப் பயின்றவர் 'சாந்தி' எனப்படும் அர்ச்சகர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், அந்தச் சான்றிதழ் பிறப்பால் வரும் உரிமைக்கு நிகராகுமா என்ற கேள்வி 30 ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களின் முன் வந்துகொண்டிருக்கிறது.

அருவிப்புரத்தில் தொடக்கம்

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பகுதி இது. தமிழகப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் நெசவுத் தெருக்களால் அறியப்பட்ட பாலராமபுரம், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கியது.

நெய்யாற்றின்கரையை அடுத்துள்ள அருவிப்புரத்தில், 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றிலிருந்து கல்லொன்றை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவ சமூகத்தில் பிறந்த ஒருவர் பிரதிஷ்டை செய்யலாமா என்ற எதிர்ப்பு எழுந்தபோது, தாம் நிறுவியது ஈழவச் சிவனையே என்று அவர் விடையளித்ததாகக் கூறுவர். திருவிதாங்கூரில் அரசின் கோயில்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12-ஆம் தேதி. எனினும், அந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் பக்தர்களுக்கே வழிவிட்டது. கருவறைக்குள் சென்று விக்கிரகத்தைத் தொட்டுப் பூஜிக்கும் உரிமை அதனால் கிடைத்துவிடவில்லை.

எது தந்திரம்?

தமிழருக்கு இச்சொல் புதிதன்று. திருமூலரின் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகவே பகுக்கப்பட்டுள்ளது. அதன் மூன்றாம் தந்திரத்தில் வரும் 'பரியங்க யோகம்' என்னும் பகுதி, ஆண்-பெண் கூட்டத்தையும் யோகமாகவே பேசுகிறது. எனவே, உடலும் நெருக்கமும் தந்திர மரபுக்கு முற்றிலும் அன்னியமானவை என்று கூறிவிட இயலாது. மேலைநாட்டினர் அந்த ஓர் இழையை மட்டும் பிரித்தெடுத்து விரித்துக்கொண்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பியர் பெர்னார்டு தொடங்கிய அந்தப் போக்கு, 1974-க்குப் பின்னர் புணேயில் ரஜனீஷ் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டினர் வழியாக மேலும் பரவியது.

கேரளக் கோயில்களில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது, 15-ஆம் நூற்றாண்டில் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரிப்பாடு இயற்றிய 'தந்திர சமுச்சயம்'. திருமால், சிவன், சங்கரநாராயணன், துர்க்கை, முருகன், கணபதி, சாஸ்தா ஆகிய ஏழு தெய்வங்களுக்கான கோயில் அமைப்பு, பிரதிஷ்டை, நித்திய பூஜை, உற்சவம், சுத்திச் சடங்குகள் ஆகியவற்றை அது வகுத்துரைக்கிறது. பூஜைக்கு முன் பூஜிப்பவர் மந்திரங்களைத் தம் உடலின் உறுப்புகளில் தொட்டு நிறுத்துவது 'நியாசம்' எனப்படும். தம் உடலைத் தூய்மையாக்கிக்கொண்ட பின்னரே அவர் விக்கிரகத்தைத் தொடுகிறார். நியாசம், முத்திரை, மந்திரம் ஆகியவையே இப்பயிற்சியின் அடிப்படை.

நீதிமன்றத்தில் வழக்கு

இக்கல்வியைச் சாதி வேறுபாடின்றி அளிக்கும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, ஆலுவா அருகே வெளியத்துநாட்டில் இயங்கும் தந்திர வித்யா பீடம். பி. மாதவன் (மாதவ்ஜி) முன்முயற்சியில் 1972-இல் இது தொடங்கப்பட்டது. 1987-இல் வைதிகர்களும் தந்திரிகளும் கூடி வெளியிட்ட பாலியம் பிரகடனம், பிராமணத்துவம் பிறப்பால் அன்று, கருமத்தால் வருவது என்று அறிவித்தது.

எனினும், எறணாகுளம் மாவட்டம் ஆலங்காடு கிராமத்திலுள்ள சிவன் கோயிலில் பிராமணர் அல்லாத ஒருவரைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் சாந்தியாக நியமித்ததை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முறையான பயிற்சியும் தகுதியும் உடையவரைச் சாதியைக் காரணம் காட்டி விலக்க முடியாது என்று 2002 அக்டோபர் 3-ஆம் தேதி நீதிபதிகள் எஸ். ராஜேந்திர பாபு, துரைசாமி ராஜு ஆகியோர் தீர்ப்பளித்தனர்.

2017-இல் திருவிதாங்கூர் வாரியக் கோயில்களுக்குத் தேர்வானவர்களுள் 36 பேர் பிராமணர் அல்லாதவர். அவர்களில் 6 பேர் தலித்துகள்.

தந்திர வித்யாலயங்களின் சான்றிதழைத் தேவஸ்வம் தேர்வு வாரியம் தகுதியாக ஏற்பதை எதிர்த்து, மரபுவழித் தந்திரிக் குடும்பங்களின் அமைப்பான அகில கேரள தந்திரி சமாஜம் வழக்குத் தொடுத்தது. மரபான தந்திரிகளிடம் பெறும் பயிற்சிக்கு இது ஈடாகாது என்பது அவர்களின் வாதம். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை நீளும் பாடத்திட்டத்தையும் தீட்சை முறையையும் ஆராய்ந்த கேரள உயர் நீதிமன்றம், 2025 அக்டோபர் 22-ஆம் தேதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. குறிப்பிட்ட சாதியிலோ, வம்சத்திலோ பிறந்திருக்க வேண்டும் என்பது சமயத்தின் இன்றியமையாத கூறு ஆகாது என்றும் கூறியது.

தீராத சிக்கல்

ஆயினும், தீர்ப்புகளால் மட்டும் நடைமுறை மாறிவிடவில்லை. 2025 பிப்ரவரியில் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம் கோயிலில், மாலை தொடுக்கும் 'கழகம்' பணிக்குத் தேர்வு வாரியத்தின் மூலம் ஈழவ இளைஞர் ஒருவர் நியமிக்கப்பட்டார். தந்திரிகள் எதிர்ப்புத் தெரிவித்துப் பூஜைகளிலிருந்து விலகி நின்றனர். இளைஞர் அலுவலகப் பணிக்கு மாற்றப்பட்டார். ஏப்ரலில் பணியையே துறந்தார். சபரிமலை மேல்சாந்தி பதவிக்கு மலையாள பிராமணர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையை 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் செல்லும் என்று கூறியது. சாந்திக்கும் மேலான தந்திரி என்னும் பதவியோ பெரும்பாலும் குடும்ப உரிமையாகவே நீடிக்கிறது.

எல்லைக்கு இப்பால் தமிழகத்திலும் இதே நிலைதான். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-இல் ஆணையிடப்பட்டு, மறு ஆண்டே பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்டோர் பயிற்சியை முடித்தனர். வழக்குகளால் அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் வேலையின்றிக் காத்திருந்தனர். 2021 ஆகஸ்டில்தான் 24 பேருக்கு ஒருசேரப் பணி ஆணை வழங்கப்பட்டது.

மேலைநாட்டுத் தந்திரப் பயிற்சியில் சேர்பவரிடம் எவரும் சாதி கேட்பதில்லை. அவர் பெறும் சான்றிதழுக்கு அரசின் அங்கீகாரமும் இல்லை. இங்கோ பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, நீதிமன்றத்தின் ஒப்புதலும் உண்டு. இவ்வளவும் பெற்று வரும் இளைஞருக்குக் கோயிலில் அமைதியாகப் பணியாற்றும் நிலையை உறுதி செய்வது, அவரைத் தேர்ந்தெடுத்த வாரியங்களின் பொறுப்பாகும்.