மூன்று மீட்டர் அலை என்றால்?

புயல் நாளில் செய்தியில், ‘அலைகள் 3 மீட்டர் உயரம் எழும்பும்’ என்கிறார்கள். எந்த அலை 3 மீட்டர்? டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

இந்தியக் கரையோரத்தில் பல இடங்களில், ஒரு மீட்டருக்கும் குறைவான அகலத்தில் மஞ்சள் மிதவைகள் மிதக்கின்றன. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அவற்றைப் போட்டிருக்கிறது. மிதவையின் வயிற்றுக்குள் முடுக்கத்தை உணரும் கருவி இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ராட்டினத்தில் உட்கார்ந்தாலும் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது நமக்குத் தெரிந்துவிடும் அல்லவா? மிதவையும் அப்படித்தான் உணர்கிறது. அந்த முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து ஏறி இறங்கிய தூரத்தையும் கணக்கிடுகிறார்கள். நங்கூரத்தோடு பிணைக்கும் கயிற்றில் ரப்பர் சேர்ந்திருக்கும். இழுவிசைக்கு அது நீண்டு கொடுத்தால்தான் மிதவை அலையோடு தாராளமாக ஏற முடியும்.

பத்து விநாடிக்கு ஓர் அலை என்றால் அரை மணி நேரத்தில் 180 அலைகள். அவற்றில் மிக உயரமான 60 அலைகளை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். செய்தியில் வரும் உயரம் பெரும்பாலும் இந்த வகைக் கணக்குதான். இரண்டாம் உலகப் போரின்போது, படைகள் கரையிறங்குவதற்கான அலைக் கணிப்பில் ஈடுபட்ட ஸ்வெர்ட்ரப், மங்க் என்ற இரு விஞ்ஞானிகள் கொண்டுவந்த வழக்கம் இது. பழகிய மாலுமி கடலைப் பார்த்துச் சொல்லும் உயரத்துக்கு இந்தச் சராசரி நெருக்கமாக இருந்தது.

ஆகவே 3 மீட்டர் என்பது உச்சவரம்பு அல்ல. அதே கடலில் சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு உயரத்தில் ஒற்றை அலை வந்தால் அது அதிசயமில்லை. எச்சரிக்கையை வாசிப்பவர்கள் இதை ஒரு வரி சேர்த்துச் சொன்னால் எவ்வளவோ நல்லது.

கரையை நெருங்க நெருங்க அளப்பது கடினமாகிறது. அலையின் உயரம் தண்ணீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டியதும் அது உடைந்துவிடும். உடையும் அலையில் மிதவை உருளும், சில நேரம் கயிறே அறுந்துபோகும். அதனால் அங்கே கடலடியில் அழுத்தமானியைப் பதிக்கிறார்கள். மேலே அலை கடக்கும்போது அடியில் அழுத்தம் கூடிக் குறைவதை அது பதிவுசெய்யும். ஆனால் சிற்றலைகளின் அழுத்தம் ஆழத்துக்கு இறங்காது. புயல் அள்ளிவரும் மணல் சில சமயம் கருவியையே மூடிவிடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் டக் என்ற ஊரில், இந்த வேலைக்கென்றே 560 மீட்டர் நீளப் பாலத்தைக் கடலுக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சிரமப்பட்டு அளக்கக் காரணம் உண்டு: உடைந்த அலைகள் கரையோரம் நீர்மட்டத்தை உயர்த்துகின்றன. புயல் தள்ளிவரும் வெள்ளத்தோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். அதை அளக்காமல் எந்தத் தெருவரை தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது.

உயரத்துக்கு இணையாக நான் கேட்க விரும்பும் எண் இன்னொன்று உண்டு: ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம். ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர். 18 விநாடி அலைக்கோ சுமார் 500 மீட்டர். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் நீண்ட அலை கரையில் வெகுதூரம் ஏறும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயல், காற்றே இல்லாத நாளில் கேரளத்திலும் குமரிக் கரையிலும் வீட்டுவாசல்வரை கடலைக் கொண்டுவருவது இப்படித்தான். கள்ளக்கடல் என்கிறார்கள் அதை. அலைகளுக்கு இடையிலான இந்த நேரத்தையும் மிதவை அளந்து அனுப்புகிறது. செய்தியிலும் அதைச் சொல்ல வேண்டும்.